ஒரே விலையில் இரண்டு துணிகள்

அமெரிக்கச் சிற்றூர்களில் உள்ள குவில்ட் கடைகளில் துணிக் கட்டுகளைப் புத்தகங்களைப் போல நெட்டுக்குத்தாக அடுக்கி வைப்பார்கள். ஒரு வரிசையில் பூவும் பறவையும் அச்சிட்ட பருத்திப் பிரிண்ட். அடுத்த வரிசையில், மேகம் கலைந்ததுபோல் நிறம் ஓடிய இந்தோனேசியப் பத்திக். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கட்டை உருவி மேசையில் கிடத்துவோம். அகலம் இரண்டும் ஏறத்தாழ 44 அங்குலம். கட்டின் முனைச் சீட்டில் இரண்டிலும் ‘100 சதவீதம் பருத்தி’ என்றே இருக்கும். விலையும் இன்றைய நிலவரப்படி கெஜத்துக்கு 12 முதல் 15 டாலர். இரண்டுக்கும் வேறுபாடு பெரும்பாலும் ஒன்றிரண்டு டாலருக்குள் அடங்கிவிடும்.

ஒன்று இயந்திரத்தின் அடியில் சில நொடிகளில் ஓடி முடித்த துணி. மற்றது பல நாட்கள், பல கைகள் மாறி வந்த துணி. அப்படியிருந்தும் சீட்டும் விலையும் இரண்டையும் உடன்பிறந்தவர்களைப் போலக் காட்டுகின்றன. இது எப்படி நேர்ந்தது, இதனால் வாங்குகிறவருக்கும் செய்கிறவருக்கும் என்ன இழப்பு என்று பார்ப்பதே இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சுப் படலம், அடியில் ஒரு முழுத் துணி, மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல். இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒரு குவில்ட் தைக்க முகப்புக்கு எட்டு ஒன்பது கெஜமும் அடித்துணிக்கு எட்டு கெஜமும் வேண்டும். பல மாதம் தைத்து, பல பத்தாண்டு பயன்படுத்தி, பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் பொருள் அது. அதனால் குவில்ட் தைப்பவர்கள் துணியின் தரத்தில் மிகக் கறாராக இருப்பார்கள்.

காடாவில் தொடங்கும் வேறுபாடு

தறியிலிருந்து இறங்கிய, கஞ்சி போகாத, பழுப்பு மாறாத துணியை ஈரோட்டிலும் சோமனூரிலும் காடா என்போம். பிரிண்ட், பத்திக் இரண்டுக்குமே தாய்த்துணி காடாதான். நிறமும் பூவும் பிறகு ஏறுபவை. போர்வை எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தக் காடாவே முடிவு செய்துவிடுகிறது.

பிரிண்டுக்குப் பரவலாகப் பயன்படும் காடா ‘60க்கு 60’. அதாவது ஓர் அங்குலத்தில் பாவில் 60 இழை, ஊடையில் 60 இழை. இதைவிட நெருக்கமாக 68, 75 என்று நெய்ததும் உண்டு. இழை எண்ணிக்கை மட்டும் தரத்தைச் சொல்லிவிடாது; நூலின் பருமனும் சேர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 1942இல் தொடங்கிய ராபர்ட் காஃப்மன் நிறுவனத்தின் ‘கோனா’ ஒற்றை நிறத் துணியும் 60க்கு 60தான். ஆனால் அதன் எடை சதுர கெஜத்துக்கு 4.35 அவுன்ஸ். நூல் சற்றுப் பருமனானது என்பதால் கையில் எடுத்தால் கனமும் உடலும் தெரியும். அதே 60க்கு 60ஐ மெல்லிய நூலில் நெய்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது அப்பால் இருப்பது தெரியும். முதல் சலவையில் கஞ்சி போனதும் துணி தளர்ந்துவிடும்.

பத்திக்கின் தாய்த்துணி வேறு இனம். நூல் மெலிது, நெசவு நெருக்கம். பாவும் ஊடையும் சேர்த்து அங்குலத்துக்கு 200 இழையளவு வருவது வழக்கம். இந்த நெருக்கத்துக்குக் காரணம் தொழிலிலேயே இருக்கிறது. உருகிய மெழுகு துணியில் படிந்ததும் பக்கவாட்டில் பரவாமல் கோடு கோடாக நிற்க வேண்டும். அதற்கு இடைவெளி குறைந்த, வழவழப்பான பரப்பு தேவை. சாயத் தொட்டியிலும் கொதிநீரிலும் மாறி மாறி முங்கியெழும் துணி தளர்ந்துபோகாமல் இருக்கவும் அது தேவை.

ஆகவே சாயம் தொடுவதற்கு முன்பே இரண்டும் வெவ்வேறு துணிகள். கடைச் சீட்டிலோ இந்த வேறுபாட்டுக்கு ஒரு சொல்லும் கிடையாது.

உருளையும் செப்பு அச்சும்

பிரிண்ட் செய்யும் ஆலையில் காடா முதலில் சுடர்மேல் வேகமாக ஓடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிர்கள் கருகி உதிரும். பிறகு கஞ்சி நீக்கி, காரத்தில் வேகவைத்து, வெளுத்து எடுப்பார்கள். உயர்தரத் துணிக்கு மெர்சரைசிங்கும் செய்வார்கள். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை பெற்ற முறை இது. கடும் காரத்தில் பருத்தி இழை உருண்டு பருத்துச் சாயத்தை ஆழமாக உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது அச்சு. ஓவியர் வரைந்த வடிவத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு நிறத்துக்கு ஒரு உருளை என்று செய்வார்கள். நிக்கலில் செய்த மெல்லிய குழல் அது, உடலெங்கும் நுண்துளைகள். உள்ளே சாயப்பசையை ஊற்றி அழுத்த, துளை திறந்த இடத்தில் மட்டும் பசை துணியில் இறங்கும். நெதர்லாந்தின் ஸ்டார்க் நிறுவனம் 1963இல் இந்தச் சுழலும் உருளை முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளையின் வழக்கமான சுற்றளவு 64 சென்டிமீட்டர். அதனால்தான் குவில்ட் பிரிண்டுகளில் ஒரே பூ சுமார் 24, 25 அங்குலத்துக்கு ஒருமுறையோ அதன் பாதியிலோ காலிலோ திரும்பத் தலைகாட்டுகிறது. ஓவியரின் கற்பனைக்கு உருளையின் சுற்றளவு எல்லை கட்டுகிறது.

பசையிலும் இரண்டு வழி உண்டு. நிறமித் துகளைப் பசை கொண்டு துணியின் மேல் ஒட்டுவது ஒன்று. இது மலிவு, வேலையும் குறைவு. தொட்டால் சற்று விறைப்பாக இருக்கும், மடிப்பில் நாளடைவில் வெளிறும். மற்றது ரியாக்டிவ் சாயம். இது பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். ஆவியில் வேகவைத்துப் பலமுறை அலச வேண்டும். தண்ணீரும் செலவும் கூடும், ஆனால் துணி மென்மையாகவே இருக்கும். அச்சு முடிந்த துணியை இரு ஓரத்திலும் ஊசிகளில் மாட்டி ஸ்டென்டர் இயந்திரம் இழுத்துக் காயவைக்கும். புதுத்துணியின் கரையோரத்தில் வரிசையாகத் தெரியும் ஊசித்துளைகள் அந்த வேலையின் தடயம்.

பத்திக்கின் வழி நேர்மாறு. இந்தோனேசியாவில் பாலியிலும் ஜாவாவிலும் உள்ள பட்டறைகளில் வெள்ளைத் துணியைப் பெரும்பாலும் 15 கெஜம் அளவில் நறுக்கிக்கொள்வார்கள். முதல் சாயத்தைத் தொட்டியில் ஏற்றலாம், கையால் தெளிக்கலாம், கசக்கிப் பிழிந்து வெயிலில் விரிக்கலாம். மேகம் ஓடும் அந்த நிறம் பிறப்பது இங்கே. சில சாயங்கள் வெயில் பட்ட பிறகே நிறம் காட்டும். மழை நாளில் துணி காத்திருக்க வேண்டும். காய்ந்த துணியின்மேல் மெழுகு முத்திரை விழும். தேன்மெழுகு, பாரஃபின், பைன் மரப் பிசின் மூன்றும் கலந்து கொதிக்கும் தட்டில் ‘சாப்’ என்ற செப்பு அச்சைத் தொட்டு எடுத்துத் துணியில் பதிப்பார்கள். மெல்லிய செப்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்துக் கோலம்போல் செய்த அச்சு அது. பிறகு இரண்டாம் சாயம். மெழுகு மூடிய இடத்தில் முதல் நிறம் காப்பாற்றப்படும், மற்ற இடத்தில் புதுநிறம் ஏறும். கடைசியில் கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிடுவார்கள். மிதக்கும் மெழுகை வழித்துச் சேர்த்து மறுபடி பயன்படுத்துவதும் உண்டு.

செப்பு அச்சு ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. அதற்கு முன் ‘சாந்திங்’ என்ற சிறு மூக்குக் கரண்டியால் மெழுகைக் கோடு கோடாக வரைந்தார்கள். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் அறிவு நமக்கும் அந்நியமில்லை. சோழமண்டலக் கரையின் கலம்காரியில் நீலம் ஏற்றுவதற்கு முன் மற்ற இடங்களை மெழுகால்தான் மூடினார்கள். அந்தக் கரையின் பருத்தித் துணிகள் பல நூற்றாண்டுகள் ஜாவாவின் துறைமுகங்களில் மதிப்புமிக்க சரக்காக இருந்தன.

இரண்டு வேலைகளின் அளவையும் ஒரு சிறு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். செப்பு அச்சு எட்டு அங்குலச் சதுரம் என்று கொள்வோம். 44 அங்குல அகலத்துக்கு ஐந்தரை முத்திரை, ஒரு கெஜ நீளத்துக்கு நான்கரை. கெஜத்துக்கு ஏறக்குறைய 25 முறை கை உயர்ந்து இறங்க வேண்டும். 15 கெஜத் துண்டுக்கு சுமார் 370 முறை. ஒவ்வொன்றும் முந்தையதோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். உருளை இயந்திரமோ நிமிடத்துக்கு 45 மீட்டர் ஓடினால் அதே 15 கெஜத்தை 20 நொடிக்குள் முடித்துவிடும்.

இதை வைத்து இயந்திரத் துணியில் உழைப்பு இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அங்கே உழைப்பு முன்கூட்டியே குவிந்துவிடுகிறது. ஓவியரின் பல மாத வேலை, நிறம் பிரிப்பவரின் கண், உருளை செதுக்குதல், சோதனை அச்சு, பத்துப் பன்னிரண்டு உருளைகளும் ஒன்றின் கோட்டில் மற்றொன்று விழும்படி இயந்திரத்தைச் சீராக்குதல் என அத்தனையும் முதல் கெஜத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஆலை ஒரு வடிவத்தை ஆயிரக்கணக்கான கெஜத்துக்குக் குறைவாக அடிக்க விரும்பாது. பத்திக்கில் முதல் கெஜத்துக்கும் கடைசிக் கெஜத்துக்கும் உழைப்பு ஒன்றே. பெருக்கினால் செலவு குறைவது பிரிண்டின் பொருளாதாரம். பெருக்கினாலும் குறையாதது பத்திக்கின் பொருளாதாரம்.

கட்டின் முனையும் துணியின் கரையும்

துணி பேசும் இடங்கள் இரண்டு. அட்டையில் சுற்றிய கட்டின் முனையில் ஒட்டிய சீட்டு ஒன்று. துணியின் கரையில் ஓடும் எழுத்து மற்றொன்று. முதலாவதைச் சட்டம் கேட்கிறது. இரண்டாவதை வணிகம் தானாகச் சொல்கிறது.

அமெரிக்காவில் 1958இல் இயற்றி 1960இல் நடைமுறைக்கு வந்த ஜவுளி இழை அடையாளச் சட்டம் மூன்று செய்திகளைக் கேட்கிறது: எந்த இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் ஆனது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார். கடைசிச் செய்திக்கு நிறுவனத்தின் பெயருக்குப் பதில் பதிவு எண் இருந்தாலும் போதும். சலவை முறையையும் கட்டின் முனையில் தர வேண்டும். இந்தச் சட்டம் பிறந்த காலத்தில் செயற்கை இழைகள் சந்தையில் பெருகிவந்தன. பருத்தி என்று நம்பி வேறொன்றை வாங்கி ஏமாறக்கூடாது என்ற அக்கறையில் எழுதியது, அந்த வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது.

ஆனால் இழை எண்ணிக்கை, நூல் நம்பர், எடை, நிறமியா ரியாக்டிவா, உருளையா கையா என்ற எதையும் அது கேட்பதில்லை. ஒரே பூவடிவத்தை உயர்ந்த காடாவிலும் அடிக்கலாம், தாழ்ந்த காடாவிலும் அடிக்கலாம். இரண்டுக்கும் சீட்டு ஒன்றே. சங்கிலிக் கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் துணியும் குவில்ட் கடைத் துணியும் ஒன்றுதானா என்ற பழைய வாக்குவாதம் தீராமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. விடை காடாவில் இருக்கிறது. சீட்டு காடாவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பிறப்பிட விதி இன்னும் நுட்பமானது. அமெரிக்க விதிப்படி துணியின் நாடு என்பது பொதுவாக அது நெய்யப்பட்ட நாடு. வேறு நாட்டில் அச்சிட்டதால் மட்டும் அது மாறாது. பருத்தித் துணியைச் சாயமும் ஏற்றி, அச்சும் இட்டு, அதோடு வெளுத்தல், சுருக்கம் போக்குதல் போன்ற முடிப்பு வேலைகளில் குறைந்தது இரண்டு செய்திருந்தால் மட்டுமே அந்த வேலை நடந்த நாடு பிறப்பிடமாகும். 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. ஆகவே சீட்டில் உள்ள நாட்டின் பெயர் சில சமயம் தறியைக் குறிக்கும், சில சமயம் சாயப்பட்டறையைக் குறிக்கும். எதைக் குறிக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

இனி கரை. பிரிண்டின் கரை ஒரு சிறு நூலகம். நிறுவனம், ஓவியர், தொகுப்பின் பெயர், பதிப்புரிமைக் குறி, ஆண்டு எல்லாம் அங்கே ஓடும். குழந்தைகளின் இரவு உடைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் சிலவற்றில் உண்டு. அருகிலேயே வண்ணப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஒரு புள்ளி ஒரு உருளை. பன்னிரண்டு புள்ளி இருந்தால் பன்னிரண்டு உருளை ஓடியிருக்கிறது என்று பொருள். உருளைகள் பொருந்தி விழுகின்றனவா என்று அச்சிடுபவர் பார்ப்பதற்கு வைத்த புள்ளிகள் அவை. தைப்பவர்களோ அந்தத் துணியோடு சேரும் வேறு துணி தேடும்போது அவற்றையே நிற அட்டையாகப் பயன்படுத்துகிறார்கள்.

பத்திக்கின் கரை பெரும்பாலும் மௌனம். நிறுவனத்தின் பெயரும் வடிவ எண்ணும் ‘இந்தோனேசியா’வும் இருக்கலாம். உருளை இல்லாததால் புள்ளிகள் இல்லை. ஓவியர் பெயர் காண்பது அரிது. செப்பு அச்சை வடித்தவர், 370 முறை கையை உயர்த்தியவர், சாயத்தின் பதம் பார்த்தவர் என யாரும் அங்கே இல்லை. பிரிண்டின் கரையிலும் ஓவியர் ஒருவர்தான் உண்டு. நிறம் பிரித்தவரும் உருளையைச் சீராக்கியவரும் அச்சிட்ட ஆலையும் இல்லை. வரைந்த கைக்கு மட்டும் பெயர் என்பதே இந்த வணிகத்தின் வழக்கம். வரைவதும் செய்வதும் பின்னிக்கிடக்கும் பத்திக்கில் அந்த ஒரு பெயரும் உதிர்ந்துபோகிறது.

எழுத்து சொல்லாததைத் துணி சொல்லும். பிரிண்டைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறியிருக்கும். பத்திக்கில் சாயம் ஊடுருவிப் போவதால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். மெழுகு வெடித்த மயிரிழைக் கீறலும், முத்திரைகள் சேரும் இடத்தில் ஒரு சிறு தடுமாற்றமும் கண்ணில் படும். பத்திக் போலத் தோன்றும்படி அச்சிட்ட துணியைப் பிடிக்க, திருப்பிப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை.

இந்தோனேசியா இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. மெழுகால் தடுத்து உருவாக்கினால்தான் பத்திக். பத்திக் வடிவத்தை அச்சிட்டால் அது அச்சுத் துணிதான். 2007இல் அந்நாடு ‘பத்திக்மார்க்’ என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. கையால் வரைந்தது, செப்பு அச்சால் பதித்தது, இரண்டும் கலந்தது என மூன்றையும் மூன்று நிறங்களால் பிரித்துக் காட்டும், வரைந்ததற்குப் பொன்னிறம். 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ இந்தோனேசியப் பத்திக்கை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலும் 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. இழை எது என்பதோடு நிற்காமல் செய்முறை எது என்று சொல்லும் சீட்டுகள் இவை. அப்படி ஒரு சீட்டு எழுத முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வேறு முத்திரைகளையும் கட்டின் முனையில் பார்க்கலாம். 1992இல் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் 100, துணியில் உடலுக்குக் கேடான பொருள் இல்லை என்று சோதித்துச் சொல்வது. கோட்ஸ் என்பது இயற்கை வேளாண் பருத்தியையும் சாயக் கழிவையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்ப்பது. முதலாவது உடுத்துபவரைக் காக்கிறது. இரண்டாவது செய்பவரையும் ஆற்றையும் எண்ணிப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது.

13 டாலர் எங்கே போகிறது

ஒரு கெஜத் துணியில் பருத்தி எவ்வளவு? சதுர கெஜத்துக்கு 4.35 அவுன்ஸ், அகலம் 44 அங்குலம் என்றால் ஒரு கெஜம் சுமார் 150 கிராம் நிற்கும். அதாவது ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. பஞ்சு பவுண்டு 75 சென்ட் என்றால் அந்தக் கெஜத்தில் இருப்பது 25 சென்ட் பஞ்சு. நூற்கும்போது போகும் கழிவைச் சேர்த்தாலும் 13 டாலரில் பஞ்சின் பங்கு மிகச் சிறியது.

2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. பாகிஸ்தானின் 2010 வெள்ளம், இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, சீனாவின் தேவை மூன்றும் சேர்ந்த விளைவு. நம் கணக்கில் அது கெஜத்துக்கு அரை டாலர் கூடுதல் செலவு. குவில்ட் கடைகள் வழக்கமாகக் கொள்முதல் விலையை இரட்டித்து விற்கும். அரை டாலர் ஒரு டாலராகும். இறக்குமதி செய்பவரின் விகிதமும் சேர்ந்தால் இன்னும் வளரும். அந்த ஆண்டே பஞ்சு விலை பாதிக்கும் கீழே இறங்கியது. துணி விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

13 டாலரில் பாதி கடைக்குப் போகிறது என்று கேட்டால் பேராசையாகத் தோன்றும். கடை இருக்கும் நிலையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தொகுப்புகள் ஒரு பருவத்துக்கு வந்து போகும். விற்றுத் தீர்ந்ததைப் பெரும்பாலும் மறுபடி அடிப்பதில்லை. கடைக்காரர் பல மாதம் முன்பே முழுக் கட்டுகளாக வாங்கி வைத்து, அரைக் கெஜம் கால் கெஜமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டும் மேசைக்குப் பின்னால் நிற்கும் ஆளின் நேரமும், விற்காமல் தங்கும் கட்டுகளும் அந்தப் பாதிக்குள் அடக்கம். மீதிப் பாதியில் நிறுவனத்தின் செலவு, கப்பல் கூலி, சுங்கம், ஓவியருக்கு ஒரு சிறு விழுக்காடு, ஆலை, சாயம், நெசவு, பஞ்சு அத்தனையும்.

முன்கூட்டியே நறுக்கி விற்கும் சிப்பங்களில் விலையின் வேறொரு முகம் தெரிகிறது. ஐந்து அங்குலச் சதுரங்கள் 42 சேர்ந்த சிப்பத்தில் இருப்பது மூன்றில் இரண்டு கெஜத் துணி. அதை 13 டாலருக்கு விற்றால் கெஜம் 20 டாலர் வரை வருகிறது. இரண்டரை அங்குலப் பட்டைகள் 40 கொண்ட சுருளில் இருப்பது இரண்டே முக்கால் கெஜம். தொகுப்பின் எல்லா வடிவத்திலும் ஒவ்வொரு துண்டு கிடைக்கும் வசதிக்கும், இயந்திரம் வெட்டிய நேர்த்திக்கும் கொடுக்கும் விலை அது. வாங்குவது தவறில்லை, கணக்குத் தெரிந்து வாங்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கை உழைப்பு இத்தனை மிகுந்த பத்திக் எப்படி அதே விலைக்குக் கிடைக்கிறது? உருளை செதுக்கும் முதலீடு அங்கே இல்லை. செப்பு அச்சு பல ஆண்டு உழைக்கும். சிறு அளவிலும் செய்யலாம். இவை ஓரளவுதான் விளக்கம் தரும். பெரிய காரணம் கூலி. இந்தோனேசியப் பட்டறையின் ஒரு நாள் கூலிக்கும் கொரியா, ஜப்பான் அச்சாலைகளின் ஒரு நாள் கூலிக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்த விலைச் சமன்பாடு நிற்கிறது. கடை அலமாரியில் பார்க்கும் சமவிலை, இரண்டு நாடுகளின் கூலி வேறுபாட்டை ஒரே எண்ணுக்குள் மறைத்து வைத்திருக்கிறது.

விலையில் வராத இன்னொரு செலவும் இரண்டு துணிக்கும் பொது: தண்ணீர். ஜாவாவின் பத்திக் நகரமான பெக்கலோங்கானில் ஆறுகள் சாயக் கழிவால் நிறம் மாறியிருக்கின்றன. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் வரை அந்தச் செலவை ஆறுதான் சுமந்தது. கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையின் துணியும் சுத்திகரிக்காத பட்டறையின் துணியும் ஒரே சீட்டோடு வரும்போது, சுத்திகரிப்பவர்தான் விலைப்போட்டியில் தோற்கிறார்.

ஊசிமுனையில்

தையலில் இரண்டின் குணமும் தெளிவாகப் பிரியும். பிரிண்டின் தளர்ந்த நெசவில் ஊசி எளிதாக இறங்கும்; கையால் குவில்ட் தைப்பவர்கள் அதையே விரும்புவார்கள். பத்திக்கின் நெருக்கத்தில் கை வலிக்கும். இயந்திரத்திலும் கூர்முனை கொண்ட மெல்லிய ஊசி வேண்டும். ஆனால் வெட்டிய ஓரம் அவ்வளவு பிரியாது. இலை, பூ என வெட்டி ஒட்டித் தைக்கும் வேலைக்குப் பத்திக் மிகவும் பொருந்தும். தவறான பக்கம் என்று ஒன்று இல்லாததால் துண்டுகளைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம்.

பிரிண்டை வாங்கியதும் அலசினால் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கலாம். பத்திக் கொதிநீர் கண்டு வந்தது. ஆனாலும் அடர்நிறங்களில் மிச்சச் சாயம் ஒட்டியிருந்து வெள்ளைத் துண்டின்மேல் இறங்கும் ஆபத்து உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பது இரண்டுக்குமே நல்லது. பத்திக்கில் ஒரு கட்டின் நிறம் அடுத்த கட்டில் அப்படியே வராது என்பதால், தேவையானதை ஒரே கட்டிலிருந்து ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும்.

ஆகவே எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இந்த ஒப்பீட்டில் இடமில்லை. தேவை என்ன என்று தெரிந்தால் துணி எது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சீட்டில் இல்லாததுதான் குறை.

சீட்டில் இன்னும் மூன்று வரி

இந்தக் குறை இப்போது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. 1943இல் ஓஹாயோவில் தொடங்கிய ஜோ-ஆன் சங்கிலிக் கடை, 2025இல் ஏறத்தாழ 800 கிளைகளையும் மூடியது. ஹான்காக் நிறுவனம் 2016இலேயே போய்விட்டது. அச்சும் அமெரிக்காவிலிருந்து போனது. கிரான்ஸ்டன் பிரிண்ட் வொர்க்ஸ் 2009இல் மாசசூசெட்ஸில் இருந்த தன் அச்சாலையை மூடியது. இன்று பலர் துணியைத் திரையில் பார்த்து வாங்குகிறார்கள். விரலால் தடவியும், வெளிச்சத்தில் பிடித்தும், திருப்பியும் அறிந்த உண்மைகளுக்கு அங்கே வழியில்லை. கை போன இடத்தில் எழுத்துதான் துணை.

அதனால் சீட்டில் இன்னும் மூன்று வரி வேண்டும். இழை எண்ணிக்கையும் எடையும் ஒரு வரி. நெய்த இடமும் சாயமிட்ட இடமும் தனித்தனியே ஒரு வரி. உருளை அச்சா, மெழுகு முத்திரையா, எந்த வகைச் சாயம் என்பது ஒரு வரி. இவை எல்லாம் நிறுவனத்தின் கொள்முதல் தாளில் ஏற்கெனவே இருக்கும் செய்திகள். அவற்றைக் கட்டின் முனைக்குக் கொண்டுவர அதிகச் செலவு ஆகாது. மூன்று வரி இருந்தால் நல்ல காடாவுக்கு நல்ல விலை கிடைக்கும். கைவேலைக்கு உரிய விலையைக் கேட்கப் பட்டறைக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

குவில்ட் தைப்பவர்களிடம் அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது. போர்வை முடிந்ததும் அதன் பின்பக்க மூலையில் ஒரு சிறு வெள்ளைத் துண்டைத் தைத்து, தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காகத் தைத்தது என்று எழுதிவைப்பார்கள். பெயர் எழுதாத போர்வை அனாதையாகிவிடும் என்பது மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் பாடம். அதே போர்வைக்காகத் துணியை வெட்டும்போது அவர்கள் முதலில் நறுக்கி எறிவது கரையை. நெசவு இறுகிய அந்த ஓரம் தையலுக்கு உதவாது. அதில் இருந்த கொஞ்சம் எழுத்தும் குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை கத்தரி வைக்கும் முன் அந்தக் கரையை ஒருமுறை படித்துவிட்டு, அதில் உள்ள செய்தியையும் பின்பக்கத் துண்டில் சேர்த்து எழுதலாம்: இந்தப் பூ எந்த ஊர் உருளையில் ஓடியது, இந்த மேகம் எந்தத் தீவின் வெயிலில் காய்ந்தது என்று. அந்த வரியை எழுத முயலும்போது, சீட்டு எதையெல்லாம் சொல்லாமல் விட்டது என்று தைப்பவருக்கே தெரிந்துவிடும். அடுத்த முறை கடையில் அதைக் கேட்கவும் செய்வார்.